முகப்பூச்சும் அமிலமும் ஏன் ஒரே பாடத்தில் இருக்கின்றன?

கேள்வி: செங்காந்தள்

வணக்கம். மதுரைக்கு அருகிலுள்ள ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கான பெண்ணியத் தாளில் அழகின் அளவுகோல்கள், ஆண்மை, பெண்கள் மீதான வன்முறை ஆகிய மூன்றும் ஒரே அலகில் வைக்கப்பட்டுள்ளன. சென்ற வாரம் அந்த அலகைத் தொடங்கியபோது, வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவர் எழுந்து, "சிவப்பழகு கிரீம் பூசுவது அவரவர் விருப்பம், ஆசிட் ஊற்றுவது குற்றம். இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்தால், கிரீம் விளம்பரம் பார்த்தவன் எல்லாம் ஆசிட் ஊற்றுவான் என்று ஆகிவிடாதா, அம்மா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் இருந்தது பாடக்குறிப்பின் விடை. நானே நம்பிச் சொல்லக்கூடிய விடை அன்று.

பாடக்குறிப்பு மூன்று பெயர்களைத் தருகிறது. சட்டத்திலும் வேலையிலும் பெண்கள் முன்னேற முன்னேற அழகு என்னும் கட்டளை அவர்களை மேலும் இறுக்கியது என்று 1990இல் நவோமி வுல்ஃப் எழுதினார். வன்புணர்வு என்பது காமம் கரைமீறுவதால் நிகழ்வதன்று, அச்சுறுத்தி அடக்கி வைப்பதற்கான கருவி என்று 1975இல் சூசன் பிரௌன்மில்லர் வாதிட்டார். ஆண்மை ஒன்றல்ல பல. அவற்றுள் ஒன்று மற்ற ஆண்மைகளையும் பெண்களையும் கீழே வைத்துத் தன்னை இயல்பு என்று காட்டிக்கொள்கிறது என்று ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ரேவின் கானெல் விளக்கினார். மூன்றும் தனித்தனியே விளங்குகின்றன. ஒன்றை மற்றொன்றோடு பிணைக்கும் கண்ணிதான் எனக்குப் பிடிபடவில்லை.

நம் இலக்கியத்திலிருந்து தொடங்கலாமா என்றும் எண்ணினேன். சங்கப் பாடல்களில் மாந்தளிரை ஒத்த மாமை நிறமே அழகு. அது வெளிறிப் பசலை படர்வது நோய். வெளிறுதலை நோயாகக் கண்ட மொழி பேசுவோர் இன்று வெளிறுவதற்கு மருந்து தேடுகிறோம் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அதைவிட என்னை நிறுத்தியது வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டு. கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் நிலத்தில் வழிந்துபோன பாலைப் போல, தன் மாமைக் கவின் "எனக்கும் ஆகாது, என்னைக்கும் உதவாது" பசலைக்கு இரையாகிறது என்கிறாள் தலைவி. 'என் ஐக்கும்', அதாவது என் தலைவனுக்கும், என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது; முதலில் வருவது 'எனக்கும்'. அந்த 'எனக்கும்' எப்போது உதிர்ந்தது என்று மாணவர்களிடம் கேட்க ஆசை. ஆனால் அதற்கும் அமிலத்துக்கும் இடையில் பாலம் போட எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றத்திலோ மருத்துவத்திலோ பள்ளியிலோ இவற்றை நேரில் பார்ப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். அறிவுரை வேண்டாம், எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

மறுமொழி 1: கறுப்பு அங்கி

உங்கள் மாணவர் ஒரு விஷயத்தில் சரியாகச் சொல்கிறார். விளம்பரம் பார்த்ததால் எவனும் அமிலம் வீசுவதில்லை. எனவே 'இது அதற்குக் காரணம்' என்று கற்பித்தால் அவரிடம் தோற்றுப்போவீர்கள். காரணத்தை விட்டுவிட்டு, இலக்கைக் கேளுங்கள்: ஏன் முகம்?

2005இல் தில்லியில் லக்ஷ்மி அகர்வால் மீது அமிலம் வீசப்பட்டபோது அவருக்கு வயது 15. திருமணக் கோரிக்கைக்கு இணங்காததே அவர் செய்த 'குற்றம்'. 2012 நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது அமிலம் ஊற்றப்பட்டது. பார்வையை இழந்து, மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் சென்னையில் இறந்தார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கும் மறுப்பே தொடக்கம். கொல்ல நினைப்பவனுக்குக் கத்தி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அமிலத்தைத் தேர்ந்தெடுப்பவனின் கணக்கு வேறு: அவள் உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் அவளை வேறு எவரும் விரும்பக் கூடாது. அந்தக் கணக்கில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒரு பெண்ணின் மதிப்பு முழுவதும் அவள் முகத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அந்த மதிப்பின் மீது, கேட்ட ஆணுக்கு உரிமை இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது நம்பிக்கையைத்தான் ஆண்மை என்ற தலைப்பில் நீங்கள் நடத்துகிறீர்கள். முதலாவதை அவன் தனியாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களும், வரன் விளம்பரம் எழுதியவர்களும், "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டிய அத்தைமார்களும் சேர்ந்து கொடுத்தது. ('இருந்தாலும்' என்ற அந்த ஒரு சொல்லுக்கே ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கலாம்.) கிரீமையும் அமிலத்தையும் இணைப்பது அந்த முதல் நம்பிக்கை. ஒன்று அதை விற்கிறது. மற்றொன்று அதையே ஆயுதமாக்குகிறது.

சட்டம் இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் எடுத்தது. தலையையோ முகத்தையோ நிரந்தரமாக உருக்குலைப்பது 'கொடுங்காயம்' என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அமில வீச்சுக்கென்று தனிப் பிரிவு 2013இல்தான் வந்தது, அது 326ஏ. குறைந்தது பத்தாண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். இப்போது அது, அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 124ஆம் பிரிவு. அதே ஆண்டில்தான் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் தனிக் குற்றமாயிற்று. அதில் முதல் முறை பிடிபட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். இரண்டாம் முறைக்கே ஜாமீன் மறுக்கப்படக்கூடிய குற்றமாகிறது. இரண்டாம் முறை என்பது சில பெண்களுக்கு வாய்ப்பதே இல்லை என்பதை என் தொழிலில் கற்றேன்.

ஆனால் நீங்கள் வகுப்பில் பேச வேண்டியது அமிலத்தை மட்டுமன்று. குடும்ப வன்முறை மனுக்களை எழுதும்போது, அடி விழுந்த நாள்களைப் பெண்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். நான் கேட்டால், "அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே" என்பார்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவமதிப்பையும் ஏளனத்தையும் வன்முறை என்றே வரையறுக்கிறது என்று நான் படித்துக் காட்டும்போது ஆச்சரியப்படுகிறார்கள்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. மனைவியை மற்றப் பெண்களோடு ஒப்பிட்டு, தன் எதிர்பார்ப்புக்கு ஏற்றவளாக இல்லை என்று ஓயாமல் குத்திக்காட்டுவது மனக்கொடுமை என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. கறுப்பு நிறத்துக்காகத் திருமணத்துக்குப் பிறகும் துன்புறுத்தியது கொடுமையே என்று 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம், கணவனைக் கறுப்பு என்று மனைவி இழிவுபடுத்தியதைக் கொடுமை என்று ஏற்று அவருக்கு மணவிலக்கு அளித்தது. 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றமோ, மனைவியின் நிறத்தையும் சமையலையும் பழித்தது தற்கொலைக்குத் தூண்டும் அளவுக்கான கொடுமை ஆகாது என்று, 1998இல் தண்டிக்கப்பட்ட ஒரு கணவரை 27 ஆண்டுகள் கழித்து விடுவித்தது. இறந்த பெண் தரப்பிலிருந்து படித்தாலும், குற்றத்துக்கும் சாட்சியத்துக்கும் இடையிலான தொலைவை அளக்க வேண்டிய நீதிபதியின் தரப்பிலிருந்து படித்தாலும், இந்த நான்கு தீர்ப்புகளும் மாணவர்கள் விவாதிக்கத் தகுந்தவை. எந்தச் சொல் வெறும் சொல், எந்தச் சொல் அடி என்பதே அவற்றின் கேள்வி.

மறுமொழி 2: மருந்துச்சீட்டு

நான் மருந்தாளுநர். பதினெட்டு ஆண்டுகளாக ஒரு சிறு நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, ட்யூப் தெரியும்.

ஆவணியும் தையும் நெருங்கும்போது அம்மாக்கள் வருவார்கள். கையில் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். "இதே ட்யூப் கொடுங்கள், பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது" என்பார்கள். அது அழகுப் பொருள் அன்று. மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் ஆகிய மூன்றும் கலந்த மருந்து. முகத்தில் கருந்திட்டு வந்தவர்களுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து இன்னொருத்தி மாதக் கணக்கில் பூசுகிறாள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து இரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் முகம் தீப்பட்டது போல் எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதையே பூசுவார்கள். இப்படிக் கடைகளில் தாராளமாக விற்பதைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எதிர்த்ததால், 2018இல் ஒன்றிய அரசு இந்த வகைப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. நான் சீட்டு கேட்கிறேன். சீட்டு கேட்காத கடை எது என்பது அம்மாக்களுக்குத் தெரியும்.

இதைவிட மோசமானது பெயர் தெரியாத டப்பாக்களில் வருவது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும்; அதனால் நிறம் மாறும்; தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களிடம் மருத்துவர்கள் விசாரித்தபோது, பலருக்கும் பொதுவாக இருந்தது சிவப்பழகு கிரீம் என்று கண்டார்கள். அந்தச் செய்தியை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்தேன். ஒரு தாய் படித்துவிட்டு, "இது அந்த ஊர் கிரீமாக இருக்கும்" என்றார்.

1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டத்தின் அதிர்வு அது. பெட்டியில் பெயர் மாறிற்று. கேட்க வருபவர்கள் வாயில் மாறவில்லை. 2005இலிருந்து ஆண்களுக்கென்றே தனியாகவும் சிவப்பழகு கிரீம் வருகிறது. அதைப் பையன்கள் தாங்களாகவே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்குகிறார்கள். பெண்களுக்கோ பெரும்பாலும் வேறொருவர் வந்து வாங்குகிறார். உங்கள் மாணவர் 'அவரவர் விருப்பம்' என்றாரே, அந்த இடத்தில் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில், அமிலம் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கழிவறை கழுவும் ஆசிட்டைக் கேனில் வைத்துச் சைக்கிளில் கொண்டுவருபவரிடம் நான் இதுவரை ஒரு பதிவேட்டையும் பார்த்ததில்லை.

மறுமொழி 3: எதிர்க்கேள்வி

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்புண்டு. ஆனாலும் அந்த மாணவர் பக்கம் நிற்க ஒருவராவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, அமிலம் என்றாலே அழகு என்று முடிவு கட்டுவது அவசரம். 2010களில் இலண்டனில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கும்பல் பகையும் வழிப்பறியும் அங்கே காரணங்களாக இருந்தன. வங்கதேசத்தில் திருமண மறுப்புக்கும் வரதட்சிணைக்கும் இணையாக நிலத் தகராறும் அமிலம் வீசக் காரணமாக இருந்திருக்கிறது. அந்நாடு 2002இல் அமில விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமும், குற்றத்தைத் தண்டிக்க ஒரு சட்டமும் இயற்றியது. அந்த ஆண்டில் ஐந்நூறை ஒட்டியிருந்த தாக்குதல்கள் பத்தாண்டுக்குள் நூறுக்கும் கீழே இறங்கின. அந்தப் பத்தாண்டில் அங்கே அழகு பற்றிய எண்ணம் மாறிவிட்டதா? இல்லை. பொருள் கிடைப்பது அரிதாயிற்று, தண்டனை கடுமையாயிற்று, பாதிக்கப்பட்டோருக்கென்றே இயங்கிய அமைப்பு விடாமல் கணக்கெடுத்தது. அப்படியானால் கடைக்காரரின் பதிவேட்டைப் பற்றிப் பாடம் நடத்துவதுதானே பயன் தரும்?

இரண்டாவது, வன்முறையின் பெரும்பகுதி வீட்டுக்குள் நிகழ்கிறது. அங்கே முகம் ஒரு பொருட்டே அன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் நாட்டளவில் ஏறத்தாழ 29 விழுக்காடு. தமிழ்நாட்டில் 38 விழுக்காடு. கணவன் மனைவியை அடிப்பது எப்போது தகும் என்று ஏழு காரணங்களைச் சொல்லி அதே கணக்கெடுப்பு கேட்கிறது: சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, உறவுக்கு மறுப்பது, சமையல் சரியில்லாதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது. இவற்றுள் ஒன்றுக்காவது அடிக்கலாம் என்றவர்கள் பெண்களில் 45 விழுக்காடு, ஆண்களில் 44 விழுக்காடு. பட்டியலில் அழகு இல்லை. நீங்கள் அழகிலிருந்து தொடங்குவது, நகரத்துப் படித்த வர்க்கத்தின் கவலையை எல்லோருடைய கவலையாக்குவது ஆகாதா?

மறுமொழி 4: கறுப்பு அங்கி

எதிர்க்கேள்வி அவர்களுக்கு: இலண்டன் எடுத்துக்காட்டை ஏற்கிறேன், 326ஏ பிரிவும் பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. வங்கதேசம் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். கேனைப் பூட்டுவது உயிர்களைக் காக்கும். ஆனால் நிலத் தகராறில் எதிரியின் மகள் முகத்தில் வீசினால் எதிரிக்குப் பெருநட்டம் என்று கணக்கிடுபவனும், 'முகம் கெட்டால் இவளைக் கட்டிக்கொடுக்க முடியாது' என்ற அதே மதிப்பீட்டைத்தான் பயன்படுத்துகிறான். ஏழு காரணங்களின் பட்டியலைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நல்லது. அது என்னையும் யோசிக்க வைக்கிறது.

மறுமொழி 5: சுண்ணக்கட்டி

அந்தப் பட்டியலைப் பற்றி நான் எழுதுகிறேன். ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக ஆசிரியர். பெண் விடுதலைக்காக ஆண் பேசத் தொடங்கினால், பூனைகளால் எலிகளுக்கு விடுதலை கிடைக்குமா என்று பெரியார் கேட்டது நினைவுக்கு வர வேண்டும். நானும் பூனைக் குலத்தவன் என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

ஏழு காரணங்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஏழிலும் ஒரே குற்றம்தான் இருக்கிறது: அவள் தன்னிச்சையாக ஒன்றைச் செய்தாள், அல்லது ஏவியதைச் செய்யவில்லை. சமையல் சரியில்லை என்பதும் சுவையைப் பற்றிய புகார் அன்று. பணிவிடையைப் பற்றிய புகார். எனவே அழகு பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் அழகும் பணிவிடைகளில் ஒன்று. கணவன் பார்வைக்கு உகந்தபடி தன்னை வைத்துக்கொள்வது மனைவியின் வேலை என்று கருதப்படும் வீட்டில், மீறி அலங்கரித்துக்கொண்டாலும் அடி விழும். எங்கள் பள்ளிக்கு ஒரு மாணவனின் தாய் பல மாதமாகத் தலை வாராமல், பொட்டில்லாமல், நைந்த சேலையோடு வருவார். வறுமை என்று நினைத்தோம். அலங்கரித்தால் 'யாருக்காக' என்று கேட்டு அடி விழுவதாக மகனே பின்னாளில் சொன்னான். அழகாக இரு என்ற கட்டளையும் அழகாக இருக்காதே என்ற கட்டளையும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன. வெள்ளிவீதியாரின் 'எனக்கும்' உதிர்ந்த இடம் அந்த வீடு.

ஆண்மை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வீரத்துக்கும் ஆளும் திறனுக்கும் ஆணின் பெயரைச் சூட்டியது மொழியே செய்த அநீதி என்று கண்டவர் பெரியார். பெண்கள் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார். 1942இல் நூலாக வந்த தொகுப்பில் அது இருக்கிறது. மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆண்மையைத் தனி ஆய்வுத் துறையாக்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஈரோட்டுக்காரர் ஒருவர் அதைக் கேள்விக்கு உட்படுத்திவிட்டார். கானெலை நடத்தும்போது இதையும் சேர்த்து நடத்தலாம்.

வகுப்பறையில் நான் பார்ப்பது இது. பையன்கள் ஒருவரையொருவர் அடக்குவதற்குப் பயன்படுத்தும் வசைகளில் பாதி பெண்ணைக் குறிப்பவை: 'பொட்டை', 'வளையல் போட்டுக்கோ'. ஒன்பதாம் வகுப்பில், மிகவும் கறுப்பான ஒரு பையனை எல்லோரும் ஒரு பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபோது, எதிரிலுள்ள பெண்கள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். கூப்பிட்டுக் கேட்டேன். "அங்கே நின்றால் யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சார்" என்றான். அவனையும் ஓர் அழகு அளவுகோல்தான் அடித்தது; அந்த அடிக்கு அவன் கண்ட மருந்து ஆண்மை; அந்த மருந்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் எதிர்ப் பள்ளிச் சிறுமிகள். நீங்கள் தேடும் கண்ணிக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

அந்தத் தொல்லைக்கு நாம் வைத்த பெயரையும் பாருங்கள். 1998இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, சீண்டிய கூட்டத்தால் உயிரிழந்த பிறகு, தமிழ்நாடு அரசு உடனே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம். சீண்டப்பட்டவள் ஏவாள், அதாவது ஆசை காட்டியவள். சீண்டியவன் வெறும் கேலிக்காரன். அந்தப் பெயரைப் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்ற 2002 வரை ஆயிற்று.

'ஒருதலைக் காதல்' என்று நாளிதழ்கள் எழுதுவதும் இதே வகை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றவனின் செயலுக்கும் இந்தச் சொல்லே போதும் என்று சில இதழ்கள் நினைத்தன. ஒருதலைக் காமத்துக்குப் பழைய பெயர் கைக்கிளை. அதற்குத் தொல்காப்பியர் சொன்ன இலக்கணம் 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. மறுமொழி கிடைக்காதவன், தான் சொன்னதிலேயே இன்புற்று நிற்கிறான். அங்கே முடிகிறது அது. அதையும், இருவர் மனமும் ஒத்த காதலைப் பாடும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தார்கள். ஆனால் பழமையை முழுக்கப் போற்றவும் எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மடலேறுதல் இருக்கிறது. பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர் நடுவே தன்னைத் தானே வருத்திக்கொள்வதாக அச்சுறுத்திப் பெண்ணைப் பெறும் வழக்கம் அது. பெண் எவ்வளவு வருந்தினாலும் மடலேறக் கூடாது என்பதையே அவளுக்குப் பெருமையாகக் கூறுகிறது குறள். கையை அறுத்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பும் பையனுக்கு மடலைப் பற்றித் தெரியாது. அவன் செய்வது மடல்தான்.

மறுமொழி 6: வயற்காடு

சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் நிறம் என்கிறீர்கள். சாதி என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் 'ஆளைப் பார்த்தாலே தெரிகிறது' என்று சொன்னால், தெரிவது நிறமன்று என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். வரன் விளம்பரத்தில் சாதியை முதல் வரியிலும் நிறத்தை மூன்றாவது வரியிலும் எழுதுகிறார்கள். முதல் வரி அளவுக்கு மூன்றாவது வரி ஆளைக் கொன்றதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்டவர் ஓர் ஆண்; தலித் இளைஞர். உடன் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தவர், வேறு சாதியில் பிறந்த அவர் மனைவி. அங்கே மறுக்கப்பட்ட காதலன் எவனும் இல்லை. மகளின் உடல் குடும்பத்துக்குச் சொந்தம் என்ற எண்ணம் இருந்தது. 'கௌரவக் கொலை' என்று எழுதிவந்ததை 'ஆணவக் கொலை' என்று தமிழில் மாற்றினோமே, ஆண்மை பற்றிய உங்கள் அலகில் அந்தச் சொல்லுக்கும் இடம் கொடுங்கள். கறுப்பு அங்கி சொன்ன இரண்டு நம்பிக்கைகளில், அவளைக் கேட்ட ஆணுக்கு உரிமை என்பதோடு, அவளைப் பெற்ற ஆணுக்கும் உடன்பிறந்த ஆணுக்கும் உரிமை என்பதையும் சேர்த்தால்தான் எங்கள் ஊருக்குப் பொருந்தும்.

மறுமொழி 7: செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் 'காரணம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'ஏன் முகம்?' என்ற கேள்வியோடு தொடங்கினேன். அந்த மாணவர் உடனே ஏற்கவில்லை. எதிர்க்கேள்வி அவர்கள் எழுதிய வங்கதேசச் செய்தியை நான் சொன்னதும், "அப்படியானால் எண்ணத்தை மாற்றாமலே குறைக்க முடிகிறதே" என்றார். சரிதான் என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஆசிட் கிடைக்காவிட்டால் ரயில் இருக்கிறதே" என்றார். அதன் பிறகு வகுப்பு சிரிக்கவில்லை.

வயற்காடு சொன்னதைச் சோதித்துப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரன் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மணமகள் தேவை, மணமகன் தேவை என்ற இரு பத்திகளிலும் நிறம் எத்தனை முறை வருகிறது, எத்தனையாவது வரியில் வருகிறது, எந்தச் சொல்லால் வருகிறது என்று அவர்களே எண்ணட்டும். சுண்ணக்கட்டி ஐயா சொன்ன கைக்கிளை, மடல் இரண்டையும் அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

மருந்துச்சீட்டு அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எங்களுக்கு அதிகத் தொலைவில் இல்லை என்றால், ஒரு மணி நேரம் வகுப்புக்கு வந்து பேச முடியுமா? நீங்கள் சொன்னதை நான் திரும்பச் சொன்னபோது, இரண்டு மாணவிகள் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள்.

மறுமொழி 8: மருந்துச்சீட்டு

வருகிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்றால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். பிள்ளைகளைத் தாங்கள் பூசும் ட்யூப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரை மறைத்துவிட்டு, பின்பக்கம் சிறிய எழுத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும் படிப்போம். பூதக்கண்ணாடி நான் கொண்டுவருகிறேன்.